வளவைச் சுற்றும் ஆயிரம் துகள்கள்: மூப்பியக்கத்தைக் கணினியில் காணும் முறை

செட்டிநாட்டு வீடொன்றின் வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் ஆயிரம் பேர் நடக்க, பக்கத்தில் வருபவரோடு எதிர்ப்புறத்தில் நடப்பவரும் சேர்ந்தே ஒவ்வொருவரையும் ஈர்ப்பதாகக் கொள்ளுங்கள். 1995-இல் இயற்பியலாளர்கள் அன்டோனியும் ரூஃபோவும் முன்வைத்த ஹாமில்டோனியன் சராசரிப் புல மாதிரி ஏறத்தாழ இத்தகையதே: வட்டத்தில் ஓடும் ஒவ்வொரு துகளையும் மற்றெல்லாத் துகள்களும் ஈர்க்கும், வட்டத்தில் துகள் நிற்கும் இடமே அதன் கோணம். காரைக்குடியில் இயற்பியல் பயிலும் மாணவர்களுக்கு நெடுந்தொலைவு இடைவினையை நான் இதிலிருந்தே தொடங்கிச் சொல்லித்தருகிறேன். மூப்பியக்கத்தை, அதாவது காலம் கழியக் கழிய அமைப்பு தன் பழைய நிலையை மறப்பது மெதுவாவதை, இதில் காணச் சாதாரண மடிக்கணினியும் பைத்தான் நிரல்மொழியும் போதும்.

முதலில் 1000 துகள்களையும் சுழியக் கோணத்தில் நிறுத்தி, உந்தங்களை −2.03 முதல் 2.03 வரை சீராகப் பரப்பி, அவற்றின் சராசரியைக் கழித்துவிடுங்கள். ஒரு துகளுக்கான ஆற்றல் 0.69 ஆகும்.

அடுத்து விசை. இணை இணையாகக் கூட்டினால் பத்து லட்சம் கணக்குகள் வரும், அது தேவையில்லை. எல்லாக் கோணங்களின் கொசைன் சராசரியையும் சைன் சராசரியையும் ஒரு முறை கண்டுவிட்டால், ஒரு துகளின் மீதான விசை என்பது சைன் சராசரியை அதன் கொசைனால் பெருக்கியதிலிருந்து, கொசைன் சராசரியை அதன் சைனால் பெருக்கியதைக் கழித்தால் வருவதே. இந்த எளிமைக்காகவே இம்மாதிரி எனக்கு மிகவும் பிடிக்கும். இயக்கத்தைச் சிறு சிறு காலப்படிகளாகக் கணக்கிடும் வெர்லே முறையில், 0.05 காலப்படியில் நகர்த்துங்கள். மொத்த ஆற்றல் 0.69-ஐ விட்டு விலகினால் படியைக் குறைக்க வேண்டும்.

இனி மூப்பு. காத்திருப்பு நேரம், அதாவது ஓட்டம் தொடங்கியதிலிருந்து கழிந்த நேரம், 8, 32, 128, 512 ஆகும்போது உந்தங்களைச் சேமித்து வையுங்கள். பிந்தைய ஒவ்வொரு கணத்திலும் அதே துகளின் அன்றைய உந்தத்தையும் இன்றைய உந்தத்தையும் பெருக்கி, சராசரி கண்டு, இரண்டு கணங்களின் இருபடி சராசரி மூலங்களால் வகுத்தால் தன்னொட்டுறவு, அதாவது இன்றைய நிலை அன்றைய நிலையை எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற அளவு, கிடைக்கும். தொடக்கத்தில் நான் உந்தத்துக்குப் பதிலாகக் கோணத்தை எடுத்து, அதையும் 2π-க்குள் மடக்கி வைத்திருந்தேன். ஒரு சுற்று முடித்த துகளெல்லாம் திடீரெனப் பின்னால் குதித்ததுபோல் தோன்றி, கோடு துண்டுதுண்டாகி, ஒரு வாரம் வீணானது.

ஒரே ஓட்டத்தில் கோடு நடுங்கும். ஐம்பது ஓட்டங்களின் சராசரியை வரையுங்கள். 8-இல் தொடங்கிய கோடு விரைவில் சரியும், 512-இல் தொடங்கியதோ நெடுநேரம் தாங்கி நிற்கும்: எவ்வளவு காலம் கழிந்ததோ அவ்வளவு மெதுவாகவே அமைப்பு தன் பழைய நிலையை மறக்கிறது. கிடை அச்சை, அதாவது உந்தங்களைச் சேமித்தபின் கழிந்த நேரத்தை, காத்திருப்பு நேரத்தால் வகுத்துப் பாருங்கள், கோடுகள் ஏறக்குறைய ஒன்றன்மீது ஒன்று படியும்.

இவ்வேளையில் வெப்பநிலை, அதாவது உந்த இருபடியின் சராசரி, 0.38-ஐ ஒட்டி நிற்கும். அது 0.476-க்கு ஏறி நிலைத்துவிட்டால் சமநிலை வந்துவிட்டது. அதன்பின் எந்தக் கணத்தில் தொடங்கினாலும் ஒரே கோடுதான் கிடைக்கும்.