ஆழத் துளை: கைப்பழக்கம் செய்யும் பிழைகள்

சம்மாந்துறை நெல் மில் சாமானோ, வாழைச்சேனைப் படகுச் சாமானோ, லேத் பட்டறைக்கு இப்படியொரு வேலை எப்போதாவது வந்தே தீரும்: “ஒன்றரை அடி உருளை. நடுவில 40 மில்லிமீற்றர் துளை. இந்தப் பக்கம் விட்டா அந்தப் பக்கம் வரணும்.”

விட்டத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் போனால் அது ஆழத் துளை. சாதாரண ட்ரில் பிட் சரிவராது. தலையில் கழற்றிப் பூட்டும் பிளேட் (வெட்டும் அலகு), அதைத் தாங்கும் ஹோல்டர், நீளம் கூட்டும் துண்டு என்று பாகம் பாகமாகச் சேர்க்கும் கருவி வேண்டும். அதைக் காசு கொட்டி வாங்கிவிட்டு, பழைய ட்ரில்லைப் போலவே ஓட்டுகிறோம்.

என் முதல் பிளேட் அப்படித்தான் போனது. 20இல் ஓட்டை போட்டுப் பிறகு 40 ஆக்கலாம் என்று நினைத்தேன். முறுக்கு ட்ரில்லுக்கு அது நல்ல புத்தி. பிளேட்டுக்கு அதன் நடுமுனைதான் ஊன்றுகோல். ஊன்ற இரும்பில்லாவிட்டால் பாரமெல்லாம் இரண்டு மூலைக்கும் போகும். இரண்டு அங்குலம்கூடப் போகவில்லை, கிறீச்சென்று கத்தியது. எடுத்துப் பார்த்தால் ஒரு மூலை எலி கொறித்த விசுக்கோத்து மாதிரி.

கருவிக்கு வழிகாட்ட முதலில் போடும் வழித்துளை வேண்டும்தான், ஆனால் ஒடுக்கமாக அல்ல. அதே விட்டத்தில், விட்டத்தைப் போல் ஒன்றிரண்டு மடங்கு ஆழத்துக்கு, நீளம் குறைந்த கட்டை ஹோல்டரால் போடுங்கள். நீள ஹோல்டரின் தலை அதற்குள் போனபிறகே வேகம் கூட்டலாம். கருவியே சுற்றும் மெஷின் என்றால், நீள ஹோல்டரை வெறும் காற்றில் நிமிடத்துக்கு 50 சுற்றுக்கு மேல் விடாதீர்கள். வளைந்து வீசும், ஆளை முடித்துவிடும்.

நீளத்துண்டையும் ‘இருக்கட்டுமே’ என்று பூட்டுவார்கள். நீளம் இரட்டித்தால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்கு. பூட்டும் முகத்தைத் துடைக்காமல் விட்டால், அங்கே ஒட்டிய ஒரு பொடி இரும்புச் சீவல் நுனியில் பெரிய ஆட்டமாகத் தெரியும்.

வேகத்தைக் காதால் வைக்க வேண்டாம். வெட்டு வேகம், அதாவது பிளேட்டின் மூலை இரும்பில் ஓடும் வேகம், நிமிடத்துக்கு 60 மீற்றர் என்று பிளேட் பெட்டியில் போட்டிருந்தால், 40 மில்லிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 477 சுற்று. 20க்கு ஓடிய சுற்றிலேயே விட்டால் வெட்டு வேகம் இரண்டு மடங்காகிவிடும்.

எனக்குக் கனக்க நட்டம் தந்தது கூலன்ட்தான், வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம். போத்தலால் வாசலில் ஊற்றினால் அடிக்குப் போகாது. வெளியே வரும் சீவலோடு அதே பாதையில் முட்டிக்கொள்ளும். ஹோல்டருக்குள்ளால், அமுக்கத்தோடு, தாராளமாக வரவேண்டும். சீவலைப் பாருங்கள்: கட்டைச் சுருளாக வந்தால் நல்லது, இடியப்பம் போல நீண்டால் ஃபீட்டை (ஒரு சுற்றுக்குக் கருவி முன்னே போகும் அளவை) கொஞ்சம் கூட்டுங்கள். பிளேட்டை வெளியே இழுத்து இழுத்து விடுவதும் இங்கே பிழை. இழுக்கும்போது சீவல் அடியில் விழும், திரும்பப் போனதும் பிளேட் அதை மிதித்து உடையும்.

கடைசி ஆபத்து மறுபக்கம் திறக்கும்போது. லேத்தில் உருளை சுற்ற, இன்சேர்ட் (கழற்றி மாற்றும் சின்ன வெட்டுத் துண்டு) பூட்டிய ட்ரில்லால் ஊடாகத் துளைத்தால், முடிவில் மெல்லிய வட்டத் தகடொன்று கழன்று பறக்கலாம். மறைப்பு போடாமல் தொடங்கக்கூடாது. “கிறுகுற சாமானுக்கு நேரே நிக்காத மனே” என்று எனக்குத் தொழில் பழக்கிய பாஸ் கத்துவார். அவருடைய பட்டறைத் தகரத்தில், என் தோள் உயரத்தில், பிறைபோல ஒரு வெட்டு இன்னும் இருக்கிறது.