அலுவலக ஆட்களோடு வெளிநாடு போகும்போது விடுகிற பிழைகள்

தனியாக வெளிநாடு போகிறவர் பாஸ்போர்ட்டைப் பத்துத் தரம் தடவிப் பார்ப்பார். நாலு பேராகப் போனால் ஒருத்தரும் பார்ப்பதில்லை, மற்றவர் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கைதான். திருகோணமலையிலிருந்து வேலை விஷயமாக மூன்று தரம் போய் வந்திருக்கிறேன். நடந்த குழப்பங்களில் முக்கால்வாசி இந்த நம்பிக்கையால் வந்தவை.

முதலில் திகதி. கட்டுநாயக்கவிலிருந்து நடுச்சாமம் தாண்டிப் புறப்படும் விமானங்கள் நிறைய. டிக்கெட்டில் 14ஆம் திகதி 00.50 என்று இருந்தால் 13ஆம் திகதி இரவே அங்கே நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் என்பீர்கள். எங்கள் நாலு பேருக்கு விளங்கவில்லை. வேன் ஒழுங்கு செய்தவர் 14ஆம் திகதி மத்தியானத்துக்குச் சொல்லியிருந்தார், மற்ற மூன்று பேரும் வேன் எப்போது வரும் என்று கேட்டோமே தவிர டிக்கெட்டைத் திறந்து பார்க்கவில்லை. 13ஆம் திகதி மத்தியானம் ஒருத்தர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய மனைவி டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு இரவெல்லோ ஃபிளைட்?" என்று கேட்டாராம். கை கழுவாமலே எங்களுக்குப் போன் எடுத்தார்.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஆறு மணித்தியாலமாவது பிடிக்கும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் ரோட்டில் யானை நின்றால் அது விலகும்வரை நீங்களும் நிற்கத்தான் வேண்டும், ஹோர்ன் அடித்து வம்பை வாங்காதீர்கள். மூன்று மணித்தியாலம் முன்னுக்கு விமான நிலையத்தில் நிற்பதையும் கூட்டினால், அந்த 00.50 விமானத்துக்குப் பகல் 2 மணிக்கே வெளிக்கிடுவது நல்லது.

அப்புறம் பெயர். நாங்கள் பெயர் வைக்கிற முறை விமானக் கம்பனிக் கணினிக்கு விளங்காது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் என்ற இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும், அலுவலகப் பதிவேட்டிலோ ஒரு இனிஷலும் பாதிப் பெயரும்தான். அந்தப் பதிவேட்டைப் பார்த்து டிக்கெட் போட்டால் வில்லங்கம். ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம் என்பதால் ஒருத்தருடைய பெயரையும் வாயால் சொல்லிப் பதிய விடாதீர்கள், பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். டிக்கெட் வந்தவுடன் எழுத்துக்கு எழுத்து சரி பாருங்கள். (அங்கே போய் ஹோட்டலில் உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பாருங்கள். உங்களைத்தான்.)

பாஸ்போர்ட் முடிகிற திகதியையும் அப்போதே பாருங்கள். பல நாடுகள் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), நீங்கள் அங்கிருந்து வெளிக்கிடும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் போதும், ஆனால் பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்புறுதியும் வேண்டும். புதுப்பிக்க வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஓடித் திரிகிற எங்களுக்கு இதைக் கடைசிக் கிழமையில் கண்டுபிடிப்பது போல் கொடுமை இல்லை.

சிங்கப்பூருக்கு இலங்கையர் விசா இல்லாமல் போகலாம், சரி. கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வருவது ஒன்று, கருவிகளைத் தூக்கி மெஷின் பூட்டுவது வேறு ஒன்று. இரண்டாவதற்கு வேறு அனுமதி தேவைப்படலாம், அதை அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். குடிவரவு மேசையில் ஒருத்தர் 'டூர்' என்று சொல்லி, அடுத்தவர் 'ட்ரெய்னிங்' என்று சொல்லி, மூன்றாமவர் வேலை என்று சொன்னால் நாலாமவரின் கதி என்ன? அழைப்புக் கடிதத்தில் உள்ள உண்மையான காரணத்தை எல்லாரும் ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள். போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையும் இருக்கிறது, அது இலவசம். ஒருத்தர் எல்லாருக்கும் சேர்த்துப் போட்டிருப்பார் என்று நாங்கள் இருந்துவிட்டோம். இறங்கிய பிறகு வரிசைக்குப் பக்கத்தில் நின்று போனில் தட்டினோம்.

பவர்பேங்கைப் பெரிய பெட்டிக்குள் போடாதீர்கள், அது கைப்பையில்தான் போக வேண்டும். பவர்பேங்கில் 20,000 எம்ஏஎச் என்று இருந்தால், விமானக் கம்பனிகள் பார்க்கிற வாட் அவர் அளவில் அது சுமார் 74, 100 வாட் அவர் வரைக்கும் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பிரஷர், சீனி மருந்துகளையும் மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். துபாய்க்குக் கசகசா கொண்டு போகாதீர்கள், அங்கே அது தடை. எங்கட பலூடாவில் போடுகிற கசகசா வேறு விதைதான், ஆனால் அதைச் சுங்க மேசையில் நின்று விளங்கப்படுத்த உங்களுக்கு நேரம் இருக்குமா?

இனி ஆட்கள் விஷயம். எங்கள் ஊர்க் குழு என்றால் தமிழ், முஸ்லிம், சிங்களம் மூன்றும் இருக்கும். சிங்களத் தம்பி பக்கத்தில் இருக்க மூன்று நாளும் தமிழிலேயே கதைத்துச் சிரித்தால் அவர் நாலாம் நாள் தனியாகச் சாப்பிடப் போவார், நான் பார்த்திருக்கிறேன். ஹலால் கடை எங்கே, வெள்ளிக்கிழமை மரக்கறி யாருக்கு என்பதைப் பசி வரமுன்னம் கேளுங்கள். சாப்பாட்டுக் கணக்கை ஊருக்குப் போய்ப் பார்ப்போம் என்று சொல்லவே வேண்டாம். ஊரில் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது, காசு போட்டவரைத் தவிர. அன்றன்று இரவு வட்ஸ்அப்பில் எழுதி, பில்லையும் படம் எடுத்துப் போடுங்கள்.

திரும்பி வரும்போது பெட்டிகளை ஒன்றாகத் தராசில் வைப்பது எல்லாருக்கும் பழக்கம், நிறை சமப்படும் என்று. அப்போது எந்த டேக் யாருடைய பெயரில் ஒட்டுப்படுகிறது என்று பாருங்கள். கட்டுநாயக்கவில் சுங்கத்தார் ஒரு பெட்டியைக் காட்டி "இது யாருடையது" என்றார்கள். உள்ளே பன்னிரண்டு சென்ட் போத்தல், டேக்கில் என் பெயர், சாமானுக்குச் சொந்தக்காரர் அதற்குள் வேனில் ஏறிவிட்டார்.