ஆர்க்கிடை ரோஜாச் செடி மாதிரி வளர்க்காதீர்கள்

முதல் ஆர்க்கிட் வாங்கியபோது அதைப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து உருவி, செம்மண்ணில் மண்புழு உரம் கலந்து நட்டு, தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றரை மாதத்தில் இலைகள் துவண்டன. தாகம்போல என்று இன்னும் ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தால், வேரை விரலால் இழுத்ததுமே தோல் உறைபோலக் கழன்று வந்தது. உள்ளே நூல் மட்டும் மிச்சம்.

கடைகளில் அதிகம் கிடைக்கும் ஃபெலனாப்சிஸ், டென்ட்ரோபியம் என்ற இரண்டு ஆர்க்கிட் வகைகளுமே மரக்கிளைகளைப் பற்றி வளர்பவை. அவற்றின் வேருக்குக் காற்று வேண்டும். மண்ணில் புதைத்தால் மூச்சு முட்டும். அடுப்புக்கரி, தேங்காய் மட்டைத் துண்டு, உடைந்த ஓடு போதும்.

தண்ணீர் ஊற்ற நாள்கணக்கு வைக்காதீர்கள், வேரைப் பாருங்கள். சாம்பல் வெள்ளையாக இருந்தால் காய்ந்திருக்கிறது, பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது. இலை சுருங்கியிருப்பதை மட்டும் நம்ப முடியாது. காய்ந்தாலும் சுருங்கும், வேர் அழுகினாலும் சுருங்கும். நர்சரியிலிருந்து வரும் செடியின் வேருக்கு நடுவே பாசி (மாஸ்) உருண்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே சொதசொதவென்று இருக்கும். ஃபெலனாப்சிஸின் இலைகள் சேரும் குருத்தில் தண்ணீர் தேங்கினால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் குருத்தே அழுகிவிடும்.

டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்த பழைய தண்டைப் பார்த்ததும் கத்திரிக்கோலை எடுக்கிறவர்கள் நிறைய. பச்சையாக, கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். செடி சேமித்த நீரும் சத்தும் அதில்தான் இருக்கின்றன, சில சமயம் அதிலேயே மறுபடி பூக்கும்.

அப்புறம், சென்னை வெயிலில் ஃபெலனாப்சிஸ் ஏன் மறுபடி பூக்கவில்லை என்று கேட்பார்கள். பூந்தண்டு விட அதற்குச் சில வாரமாவது குளுமை வேண்டும். நம் ஊர் புழுக்கத்துக்கு டென்ட்ரோபியம்தான் சரி.

வீட்டுக்குள் அலங்கார மரமாக ஃபைக்கஸ் பெஞ்சமினா வைத்திருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. இடம் மாற்றினாலே கோபித்துக்கொண்டு இலையைக் கொட்டும் மரம் அது. கொட்டியதும் பதறி மறுபடி இடம் மாற்றினால் இன்னும் கொட்டும். வெளிச்சமான ஒரு ஜன்னலோரம் பார்த்து வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். பெரிதாகிவிட்டதே என்று தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும் நட்டுவிடாதீர்கள். ஆலமர இனம் அது. சின்ன விரிசல் கிடைத்தாலும் வேர் உள்ளே நுழைந்துவிடும்.