மயஸ்தீனியா உள்ளவருக்குச் சளி பிடித்தால் என்ன செய்ய வேண்டும்

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் பாம்பனில் வீட்டுக்கு வீடு இருமல்தான். மற்றவர்களுக்கு நாலு நாள் கஷாயம் குடித்தால் சரியாகிவிடும். மயஸ்தீனியா கிரேவிஸ் உள்ளவரை அப்படி விட முடியாது. என் வீட்டுக்காரருக்கு இந்த நோய் இருக்கிறது. மீன் ஏலம் விடுகிறவர், தொண்டைதான் அவருக்குப் பிழைப்பு. சளிக்காலத்தில் நான் பார்த்துக்கொள்ளும் விஷயங்களை எழுதுகிறேன். நம் கரையோரத்தில் இதே நோயோடு இருக்கிற வீடுகளுக்கு உதவட்டும்.

நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்குவதுதான் இந்த நோய். இமை தொங்குவதும், ஒன்று இரண்டாகத் தெரிவதும், சாயங்காலமானால் சோர்வு கூடுவதும் அதனால்தான். வைரஸ் சளி வந்தால் அந்த எதிர்ப்பு சக்தி இன்னும் கிளம்பும். காய்ச்சல் தசையை மேலும் தளர்த்தும். இருமித் துப்பப் பலம் இல்லாமல் சளி உள்ளேயே தங்கும். மூச்சுத் தசையும் ஓய்ந்துபோனால் வென்டிலேட்டர்தான். இதை மயஸ்தீனிக் கிரைசிஸ் என்பார்கள். அதைத் தூண்டிவிடுவதில் முதலிடம் கிருமித்தொற்றுக்குத்தான்.

ஆகவே கவனிக்க வேண்டியது மூச்சை. நிமிர்ந்து உட்கார வைத்து, நன்றாக மூச்சை இழுக்கச் சொல்லி, ஒரே மூச்சில் நொடிக்கு இரண்டு எண் வீதம் எண்ணச் சொல்லுங்கள். நல்ல உடம்புக்காரர் 50 வரை போவார். உங்கள் வீட்டுக்காரர் தேறியிருக்கும் நாளில் எவ்வளவு எண்ணுகிறார் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். சளி பிடித்ததும் காலையும் மாலையும் எண்ண வையுங்கள். வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்தால் டாக்டருக்குப் போன். 20-ஐத் தாண்ட முடியவில்லை என்றால் போன் பேசிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். இந்த நோயில் தசை ஓய்ந்துகொண்டே வரும்போதும் அது 97 காட்டும். கடைசியில்தான் இறங்கும்.

குரலும் சொல்லிவிடும். இவர் முதல் கூடையை ஏலம் விடும்போது கணீரென்று இருக்கும் குரல், உடம்பு முடியாத நாளில் போகப்போக மூக்கால் வரும். ‘பாறை’ என்பது ‘மாறை’ என்று கேட்கும். அப்புறம், குடித்த தண்ணீர் மூக்கு வழியே வருவது, தலை நிற்காமல் தாடையைக் கையால் தாங்கிக்கொள்வது, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். மெடிக்கலில் போய் “சளிக்கு ஒரு செட் கொடுங்க” என்று கேட்கும் பழக்கத்தை இந்த வீட்டில் அடியோடு விட வேண்டும். அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின் ஊசி இவையெல்லாம் தசைச் சோர்வைக் கூட்டக்கூடியவை. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக்கால் பிரயோசனமும் இல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஃப்ளூ என்று சந்தேகம் இருந்தால் முதல் 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். அதற்கான மருந்து ஆரம்பத்தில் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

இந்த நோயில் தசைக்குப் பலம் கொடுக்கும் மாத்திரையான பைரிடோஸ்டிக்மினைச் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் கொடுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் கொடுத்தால் விழுங்கப் பலம் இருக்கும். சோர்வாக இருக்கிறதே என்று நீங்களாக ஒன்று கூட்டிவிடாதீர்கள். அளவு மீறினால் எச்சிலும் சளியும் பெருகி, அதுவே தசையைத் தளர்த்திவிடும். எதிர்ப்பு சக்தியை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டை டாக்டர் சொல்லாமல் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

சாப்பாடு கெட்டியான கஞ்சியாக, கொஞ்சம் கொஞ்சமாக. சூடை, மத்தி மாதிரி முள் மீன் அந்த நாட்களில் வேண்டவே வேண்டாம். ஆவி பிடிக்கவும் நான் சம்மதிப்பதில்லை. வெக்கை பட்டாலே இவருக்கு இமை தொங்கிவிடும்.

ஐப்பசி மழைக்கு முன்பே டாக்டரைக் கேட்டு ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடுங்கள், ஊசியாகப் போடுவதை மட்டும். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு உயிருள்ள கிருமி கொண்ட மூக்கு மருந்து ஆகாது.

நமக்கு இன்னொரு கவலை தூரம். பாம்பனிலிருந்து மதுரைக்குச் சுமார் 160 கிலோமீட்டர். கிரைசிஸுக்கு நரம்பில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மருந்தும், ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றமும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்கும். காற்று பலமாக இருந்தால் பாலத்தில் ரயிலையும் நிறுத்திவிடுவார்கள். மதுரையிலேயே இருப்பவர் ராத்திரி வரை பொறுத்துப் பார்க்கலாம், நாம் மத்தியானமே முடிவெடுக்க வேண்டும். மூச்சு திணறிவிட்டால் மதுரை என்று பிடிவாதம் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு முதலில் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மூச்சு அங்கே காப்பாற்றப்படட்டும்.

நோயின் பெயர், சாப்பிடும் மாத்திரைகள், கொடுக்கக் கூடாத மருந்துகள், நரம்பியல் டாக்டரின் நம்பர் எல்லாம் எழுதிய தாளை என் வீட்டுக்காரரின் போன் கவருக்குள் வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படி ஒன்று எழுதி வைத்து, வண்டியில் ஏறியதும் காட்டிவிடுங்கள். நோயாளியைப் படுக்க வைக்காமல், நிமிர்த்தி உட்கார வைத்தே கூட்டிப் போகச் சொல்லுங்கள்.