பராமரிப்பா, பழுது பார்ப்பதா: நம்ம வேலூர்ப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

மெஷின் கெட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் ஒரு பக்கம், எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் இன்னொரு பக்கம். வேலூரில் லாட்ஜ், கல்யாண மண்டபம், கிளினிக், ஆம்பூரில் ஷூ கம்பெனி, எங்கே போனாலும் இந்த இரண்டு கட்சிதான். இரண்டு கட்சியும் செய்கிற தவறு ஒன்றே: இருக்கிற எல்லா மெஷினுக்கும் ஒரே சட்டம் போடுவது.

கேட்க வேண்டியது மூன்று கேள்வி. இது நின்றால் யாருக்கு என்ன ஆகும்? மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும்? கெடுவதற்கு முன்னால் சத்தம், சூடு, கசிவு என்று ஏதாவது காட்டுமா? வராண்டா டியூப்லைட்டுக்கும் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் சர்வீஸ் அட்டவணை போடுவது வெட்டி வேலை, எரிந்தால் மாற்றிவிடலாம். லிஃப்ட், ஜெனரேட்டர், தீயணைப்பு பம்பு, கட்டடம் முழுக்கத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் இதையெல்லாம் அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

ஆனால் கெட்டால் மாற்றுவோம் என்று முடிவு எடுத்தவர் மாற்றுவதற்கான சாமானைக் கையில் வைத்திருக்க வேண்டும். மோட்டாருக்குக் கரண்ட்டைக் கொடுத்து நிறுத்துகிற கான்டாக்டர் ஒன்று, ஒரு கெப்பாசிட்டர், சரியான அளவில் ஒரு பெல்ட், அவ்வளவுதான். முகூர்த்த நாள் ராத்திரி மண்டபத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர் போய்விட்டால், சமையல்காரர் அண்டாவை வைத்துக்கொண்டு நிற்கிற நேரத்தில், எந்தக் கடையைத் திறக்கச் சொல்வது? ஸ்பேர் இல்லாமல் காத்திருப்பதைப் பராமரிப்பு முறை என்று சொல்ல முடியாது, அது கவனிக்காமல் விட்டதுதான்.

செலவை ஒப்பிடும்போதும் சறுக்குகிறார்கள். சர்வீஸ் பில்லையும் ரிப்பேர் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல வருஷங்களில் ரிப்பேர்தான் மலிவாகத் தெரியும். ஷூ கம்பெனியில் கம்ப்ரஸர் நின்றால் லைனில் இருக்கிறவர்கள் சும்மா உட்கார்ந்த கூலி, தள்ளிப்போன ஷிப்மென்ட், அவசரத்துக்கு வந்த மெக்கானிக் கேட்ட இரட்டை ரேட், இவற்றையும் ரிப்பேர் பக்கம் எழுத வேண்டும். எழுதினால்தான் கணக்கு உண்மையாகும்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் சின்னதில்லை. நன்றாக ஓடுகிற மெஷினைத் தேதி வந்துவிட்டது என்பதற்காகப் பிரித்தால் புதுப் பழுதை நாமே உள்ளே வைக்கிறோம். 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமான நிறுவனத்தைச் சேர்ந்த நௌலனும் ஹீப்பும் விமான பாகங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், வயதாக ஆகக் கெடும் தன்மை 11 சதவீத பாகங்களில்தான் தெரிந்தது. 68 சதவீதம் புதிதாக மாட்டிய கையோடு அதிகம் கெட்டன. நம் மெஷின்களுக்கு இதே எண் வரும் என்று சொல்லவில்லை, தேய்கிற பெல்ட்டுக்கும் எண்ணெய்க்கும் தேதி வேண்டியதுதான். ஆனால் எல்லாமே தேதி வைத்துக் கெடாது.

கிரீஸையே பாருங்கள். பேரிங் சத்தம் போட்டால் கிரீஸ் கன்னை வைத்து வெளியே வழிகிற வரைக்கும் அடிப்பதுதான் வழக்கம். கிரீஸ் கூடிப்போனால் உள்ளேயே கடைந்து சூடேறும், சீல் பிதுங்கும், மோட்டாரில் சில நேரம் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று) வரைக்கும் போய்விடும். ஒரு வகை கிரீஸ் மேல் ஒத்துப்போகாத இன்னொரு வகையை அடித்தால் இளகி ஓடிவிடும், பேரிங் காய்ந்து போகும். மோட்டார் பக்கத்தில் கிரீஸ் பெயரும் அளவும் எழுதி ஒட்டிவையுங்கள், இதற்குச் செலவே இல்லை.

ஜெனரேட்டர் விஷயத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் சும்மா ஓட்டி, நோட்டில் 'ஓகே' என்று எழுதிவிடுகிறார்கள். லோடு இல்லாமல் ஓடும் டீசல் இன்ஜின் சரியாகச் சூடேறாது, எரியாத டீசலும் கரியும் சைலன்சர் பக்கம் சேரும். மாதம் ஒரு தடவையாவது கட்டடத்தின் லோடைக் கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள், ஜெனரேட்டரின் திறனில் 30 சதவீதமாவது ஏற வேண்டும். அப்புறம் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டுகிற பேட்டரியே ஸ்டார்ட் அடிக்கும்போது படுத்துவிடும், ஆகவே மீட்டரை மாட்டிக்கொண்டே செல்ஃப் அடித்துப் பாருங்கள். நம்ம ஊர் வெயிலில் பேட்டரி ஆயுள் குறையும், நோயாளிகளும் கூட வந்தவர்களும் தங்குகிற லாட்ஜில் ராத்திரி கரண்ட் போகும்போது அது தெரியக் கூடாது.

புத்தகத்தில் போட்டிருக்கும் இடைவெளியை அப்படியே எடுப்பதும் தவறு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற கட்டடத்துக்கும் உப்புப் போர் தண்ணீரை நம்பி இருக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் ஒரே கீசர் அட்டவணை சரிப்படாது. தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் மேல் உப்பு வெள்ளையாகப் படிந்து, சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் எலிமென்ட்டே எரியும். ஒரு தடவை திறந்து எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்து அடுத்த தேதியை முடிவு செய்யுங்கள்.

போர் மோட்டார் எரிந்தால் காயில் கட்டி இறக்கிவிட்டு அதோடு மறந்துவிடுவது இன்னொன்று. ஏன் எரிந்தது? மூன்று ஃபேஸில் ஒன்று போயும் ஓடியதா, தண்ணீர் இறங்கிக் காய்ந்து ஓடியதா, கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று யாராவது அளவை ஏற்றி வைத்தார்களா? பேனலைத் திறந்து பார்க்காமல் இறக்கிய மோட்டார் திரும்பவும் மேலே வரத்தான் செய்யும். ரிப்பேர் நோட்டில் என்ன மாற்றினோம் என்பதற்குப் பக்கத்தில் ஏன் கெட்டது என்று ஒரு கட்டம் போட்டுவிடுங்கள், ஒரே காரணம் இரண்டு தடவை வந்தால் அந்த மெஷினை அட்டவணைக்குள் கொண்டுவாருங்கள்.

ஏசிக்கு மட்டும் தேதியை விட்டுவிடாதீர்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும்போது வெளி யூனிட்டில் தூசி அடைத்திருந்தால் கம்ப்ரஸர் இழுக்கும் கரண்ட் கூடும், அந்த வாரம் பார்த்துத்தான் மெக்கானிக் யாரும் கிடைக்க மாட்டார்கள். பிப்ரவரி முடிவதற்குள் சர்வீஸை முடித்துவிடுங்கள், ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டிருந்தால் அந்தத் தேதியையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.