பழைய கணினியில் புது ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா?

முதலில் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) பாருங்கள். அங்கே டிஸ்க்கின் பெயர் வந்தால் கேபிளைக் குடைய வேண்டாம். கோளாறு விண்டோஸ் பக்கம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, 'இனிஷியலைஸ்' செய்து (டிஸ்க்கைப் பயன்பாட்டுக்குத் தயாராக்கி), பார்ட்டிஷன் (பகுதி) போட்டால் டிரைவ் எழுத்து வந்துவிடும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கென்றால் இனிஷியலைஸ் செய்யும்போது ஜிபிடி என்ற பார்ட்டிஷன் முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்பிஆர் என்ற பழைய முறை 2 டிபியோடு நின்றுவிடும். 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று காட்டினால் பழைய ஸ்டோரேஜ் டிரைவரே காரணம், அதைப் புதுப்பியுங்கள். 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி ஜிபிடியைப் படிக்காது, அதோடு போராடிப் பயனில்லை.

பயாஸிலேயே இல்லையா? மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு சாட்டா கேபிளையும் (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைப்பது) போர்ட்டையும் மாற்றுங்கள். அந்த போர்ட் பயாஸில் 'டிஸேபிள்' ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வியா விடி8237 சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) உள்ள பழைய போர்டுகள் வேகமான சாட்டா டிஸ்க்குகளோடு ஒத்துப்போகாது. டிஸ்க்கில் ஜம்பர் (பின்களை இணைக்கும் சிறு மூடி) வசதி இருந்தால், லேபிளில் காட்டியபடி போட்டு அதன் வேகத்தை 1.5 ஜிபிபிஎஸ்ஸுக்குக் குறைக்கலாம்.

டிஸ்க் சுழலவே இல்லையா? சில புது டிஸ்க்குகள், மின் இணைப்பின் 3ஆம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் எழவே எழாது. மோலெக்ஸ்-சாட்டா அடாப்டரில் (பழைய நான்கு பின் மின் இணைப்பை சாட்டாவாக மாற்றுவது) அந்த 3.3 வோல்ட் வராததால் டிஸ்க் ஓடும். ஆனால் வார்ப்பு அடாப்டர்கள் (கம்பிகளைச் சுற்றி பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்தவை) உருகித் தீப்பிடித்ததுண்டு. கிரிம்ப் செய்ததையே (கம்பி முனைகளை உலோகத்தால் அழுத்திப் பொருத்தியது) வாங்குங்கள்.