சுட்ட ஸ்டீல் கூட்டை மறுபடி நிரப்பலாமா?

கூடு என்பது தோட்டா சுட்ட பிறகு மிஞ்சும் வெற்று ஓடு; அதில் புது பிரைமர், மருந்து, குண்டு போட்டு மறுபடி தோட்டாவாக்குவதே நிரப்புவது. ஸ்டீல் கூட்டையும் நிரப்ப முடியும். பித்தளைக் கூடு கிடைக்கிற இடத்தில் அதற்கு அவசியம் இல்லை. பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வகை ஒத்துவந்து, தோட்டாவும் .45 ஏசிபி அல்லது 9 மி.மீ. லூகர் போன்ற கைத்துப்பாக்கி ரகமாக இருந்தால் ஒன்றிரண்டு சுற்றுக்குத் தாங்கும். ரைஃபிள் ரகம் என்றால் பொறுக்கவே வேண்டாம்.

இது பெரும்பாலும் அமெரிக்கச் சுடுதளங்களில் எழும் கேள்வி. அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பக் கூட்டரசுச் சட்டப்படி உரிமம் தேவையில்லை; விற்க வேண்டுமானால் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். சுடுதளங்களில் சிதறிக் கிடந்த ஸ்டீல் கூடுகளில் பெரும்பங்கு ரஷ்யச் சரக்கு: துலா, உல்ஃப், பர்னவுல் பெயரில் வந்தவை. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்கு அமெரிக்கா தடை போட்ட பிறகு புதிய வரத்து சுருங்கியது. மலிவுத் தோட்டாவுக்குப் பழகியவர்கள் வெற்றுக் கூட்டை உற்றுப் பார்க்க ஆரம்பித்ததில் ஆச்சரியம் இல்லை.

முதலில் காந்தம், அப்புறம் டார்ச்

நிறத்தை நம்பாதீர்கள். பச்சை வார்னிஷ், சாம்பல் பாலிமர், துத்தநாகப் பூச்சு என்று ஸ்டீல் பல வேஷத்தில் வரும். பித்தளை முலாம் பூசிய ஸ்டீலும் உண்டு. காந்தத்தில் பளிச்சென்று ஒட்டினால் ஸ்டீல். வெள்ளையாக இருந்தும் ஒட்டாதது அலுமினியமாகவோ நிக்கல் பூசிய பித்தளையாகவோ இருக்கலாம். அலுமினியத்தைத் தூக்கிப் போடுங்கள், நிக்கல் பூசியதை வைத்துக்கொள்ளுங்கள். காந்தச் சோதனையை வெற்றுக் கூட்டில்தான் செய்ய வேண்டும். சுடாத தோட்டாவில் குண்டின் உறைக்குள் ஸ்டீல் இருந்தால் கூடு பித்தளையாக இருந்தாலும் ஒட்டிவிடும்.

அடுத்து, கூட்டின் வாய்க்குள் டார்ச் அடித்து அடியைப் பாருங்கள். நடுவில் ஒரே துளை, ஏறத்தாழ 2 மி.மீ. அகலம் என்றால் பாக்ஸர் பிரைமர். நடுவில் துளையில்லாமல் பக்கத்தில் இரண்டு பொடித்துளைகள் தெரிந்தால் பெர்டான். பாக்ஸர் வகையில் பிரைமர் எந்தப் பட்டடை மேல் அடிபட்டு வெடிக்கிறதோ அது பிரைமருக்குள்ளேயே இருக்கிறது. பெர்டான் வகையில் அது கூட்டின் அடியிலேயே மேடாக அமைந்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: அமெரிக்கர் பெர்டான் கண்டுபிடித்தது ஐரோப்பாவில் நிலைத்தது, ஆங்கிலேயர் பாக்ஸர் கண்டுபிடித்தது அமெரிக்காவில் நிலைத்தது.

ஸ்டீல் கூட்டின் தலைவிதி பெரும்பாலும் இந்தத் துளையிலேயே முடிவாகிவிடுகிறது. பெர்டான் கூட்டைத் தெரியாமல் டைக்குள் (கூட்டை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) விட்டால் பிரைமர் தள்ளும் ஊசி நேராக அந்த மேட்டில் மோதி வளையும், அல்லது முறியும். கொக்கிக் கருவியாலோ நீரழுத்தத்தாலோ பிரைமரைக் கழற்றலாம். ஆனால் மாற்றிப் போடச் சரியான அளவுள்ள பெர்டான் பிரைமர் அமெரிக்கக் கடைகளில் கிடைப்பது அபூர்வம். நடுவில் துளை போட்டு பாக்ஸர் ஆக்கிவிடலாம் என்பார்கள், செய்யாதீர்கள். அடித்தகடு பலவீனமாகி, வாயு பின்பக்கம் பீறினால் அது முகத்துக்கு நேராக வரும். ரைஃபிள் ரகங்களில், ரஷ்ய 7.62×39 ஸ்டீல் கூடுகள் பெர்டான்தான்; .223இலும் பெரும்பகுதி அப்படியே. 9 மி.மீ., .45 இரண்டிலும் கலந்து வரும் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆகவேண்டும். கூட்டின் அடியில் பொறித்த தயாரிப்பாளர் முத்திரை ஒன்றாக இருப்பதை வைத்து மொத்தப் பையையும் நம்பக்கூடாது.

பித்தளை செய்வதை ஸ்டீல் ஏன் செய்வதில்லை

தோட்டாப் பித்தளை 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. சுடும்போது விரிந்து சேம்பர் (துப்பாக்கியில் தோட்டா அமரும் அறை) சுவரில் ஒட்டி வாயுவை அடைக்கும். அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி விலகும். ஸ்டீலின் விறைப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு. அதனால் அது விரிய அதிக அழுத்தம் கேட்கும், விரிந்த பிறகு திரும்பிச் சுருங்குவதும் குறைவு. விளைவு இரண்டு: இடுக்கில் புகை கசிந்து சேம்பரில் கரி படியும்; கூடு வெளியேறவும் தயங்கும். வார்னிஷ் உருகி ஒட்டுகிறது என்ற பேச்சைவிட இந்தக் கரிதான் உண்மையான காரணம். மென்மையான குறைந்த அழுத்தத் தோட்டா நிரப்பினால் கரி இன்னும் கூடும். 7.62×39 கூட்டின் தாராளமான கூம்பு வடிவம், ஸ்டீல் கூடு சிக்காமல் உருவிக்கொண்டு வர உதவுகிறது.

வாய்ப்பகுதிதான் அடுத்த தொல்லை. ஒவ்வொரு முறை நெருக்கி விரிக்கும்போதும் உலோகம் கடினமாகிக்கொண்டே போகும். பித்தளையைச் சூடாக்கி மறுபடி இளக்கலாம்; வீட்டு மேசையில் ஸ்டீலுக்கு அந்த வைத்தியம் இல்லை. பூச்சும் போய் துரு பிடிக்கும்.

அழுத்தக் கணக்கையும் பாருங்கள். அமெரிக்கத் தர அளவில் .45 ஏசிபிக்கு உச்ச அழுத்தம் 21,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 9 மி.மீ.க்கு 35,000, .223க்கு 55,000. பழுதான கூட்டை .45 பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு .223 பொறுக்காது. ஸ்டீலில் .45 புதிதும் அல்ல: இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாடு வந்தபோது இந்தியானா மாநிலம் எவன்ஸ்வில்லில் கிரைஸ்லர் ஆலை .45 ஸ்டீல் தோட்டாக்களைக் கோடிக்கணக்கில் செய்து தள்ளியது. அடியில் ‘இ சி’ முத்திரையோடு அவை இன்னும் கண்ணில் படும். அவற்றை நிரப்பாமல் அலமாரியில் வைப்பதே மரியாதை.

செய்தே தீருவேன் என்றால்

பாக்ஸர் என்று உறுதியான .45, 9 மி.மீ. கூடுகளை மட்டும் எடுங்கள். துருப்புள்ளி, வாய் வெடிப்பு, அடியை ஒட்டிய பளபளப்பான வளையம், எது தெரிந்தாலும் கழித்துவிடுங்கள். சுத்தம் செய்ய உலர்ந்த சோளத்தக்கைத் தூள் போதும். தண்ணீரும் ஸ்டீல் ஊசியும் போட்டு உருட்டினால் பூச்சு உரிந்து, மறுநாளே உள்ளே துரு தெரியும்.

கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள் பதித்த டையில் பித்தளைக்கு எண்ணெய் வேண்டாம்; ஸ்டீலுக்குக் கட்டாயம் வேண்டும். லேசாகப் பூசி, கூட்டை டைக்குள் தள்ளும் பிரஸ்ஸின் கைப்பிடியை நிதானமாக இறக்குங்கள். வழக்கத்தைவிட இறுக்கமாக இருக்கும். பாதியில் நின்றால் பலத்தைக் காட்டாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். சிக்கிய பித்தளைக் கூட்டை அடியில் துளையிட்டு மரை போட்டு இழுத்துவிடலாம். ஸ்டீலில் அதே வேலை அரை நாளைத் தின்னும்.

பிரைமர் குழியைச் சுற்றிச் சிவப்பு அரக்குப் பூச்சு இருந்தால் சுரண்டி எடுங்கள். இல்லாவிட்டால் புதிய பிரைமர் முழுதாக உட்காராது. நீளம் .45க்கு 22.81 மி.மீ., 9 மி.மீ. ரகத்துக்கு 19.15 மி.மீ. தாண்டக்கூடாது. வாயை விரிப்பது குண்டு நுழையும் அளவுக்கு மட்டும். வெடிப்பு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வரும். உள்விளிம்பைச் சற்றுச் செதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டீல் விளிம்பு ஈயக் குண்டைச் சீவிவிடும். செம்பு உறை போட்ட குண்டே பாதுகாப்பு.

வெடிமருந்து அளவைப் பித்தளையில் பழகிய உச்சத்திலிருந்து தொடங்காதீர்கள். கூட்டின் உள்கொள்ளளவு மாறக்கூடும். மருந்து தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையின் ஆரம்ப அளவிலிருந்துதான் ஏற வேண்டும். குண்டு பொருத்தியதும் மொத்த நீளத்தை அளந்து, குண்டின் மூக்கை மேசை விளிம்பில் கட்டைவிரல் பலத்தோடு அழுத்தி மறுபடி அளந்து பாருங்கள். குண்டு உள்ளே நகர்ந்திருந்தால் பிடிப்பு போதவில்லை, 9 மி.மீ.யில் அந்தச் சிறு நகர்வே அழுத்தத்தை ஆபத்தாக ஏற்றிவிடும். அந்தத் தோட்டாவைப் பிரித்துவிடுங்கள்.

காசுக் கணக்கு

ஒரு பித்தளைக் கூடு 5 செண்ட், 10 முறை உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுடலுக்குக் கூட்டின் பங்கு அரை செண்ட். ஸ்டீல் இலவசமாகவே கிடைத்தாலும் 1,000 சுடலுக்கு மிச்சம் 5 டாலர். பிரைமர், மருந்து, குண்டு மூன்றின் விலையும் இரண்டுக்கும் ஒன்றே. ஊசி இரண்டு முறிந்தால் அந்த 5 டாலரும் போய்விடும். தரம் பிரிக்கச் செலவான மாலை நேரத்தைச் சேர்க்கவே இல்லை.

பயன் தரும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு: கூட்டைத் திரும்பப் பொறுக்க முடியாத இடம். புல்வெளி, பனி, பொறுக்க நேரம் தராத போட்டி. நல்ல பித்தளையை அங்கே இழப்பதைவிட, ஒருமுறை நிரப்பிய ஸ்டீலை விட்டுவருவது மேல். மற்றவர்களும் சுடும் சுடுதளமானால் கூடுகளைப் பொறுக்கிவிட வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிரப்பிய ஸ்டீல் தோட்டாவின் அடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு போட்டது இரண்டாம் முறை கைக்கு வந்தால் வாயை இடுக்கியால் நசுக்கி, இரும்புப் பழசோடு சேருங்கள். பித்தளை வாளியில் விழுந்தால் பழைய உலோகக்காரர் காந்தம் வைத்துப் பார்த்து மொத்த வாளிக்கும் விலையைக் குறைத்துவிடுவார்.